பெரியாற்றுத் தண்ணீரும் ஆறாம் வகுப்பும்

கம்பம் பள்ளத்தாக்கில் ஜூன் முதல் தேதிக்கு இரண்டு வேலை உண்டு. தேக்கடித் தலைமதகைத் தூக்கி முதல் போகத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீரை விடுவார்கள். அன்றோ அதை ஒட்டியோ பள்ளிக்கூடமும் திறக்கும். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையிலிருந்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக லோயர்கேம்ப்பில் இறங்கும் அந்தத் தண்ணீர், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஊர் ஊராக வந்து 14,707 ஏக்கர் இருபோக வயலுக்குப் பாயத் தொடங்குகிற வாரத்தில், வரப்பில் நிற்கும் அப்பாக்களுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. நாற்றங்கால் போட வேண்டும், வாய்க்கால் முறை பார்க்க வேண்டும், விதைநெல் ஐ.ஆர்.20ஆ வேறா என்று பேசி முடிக்க வேண்டும். அதனால் பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் சேர்க்கும் பொறுப்பு எங்கள் பக்கத்தில் தன்னால் கிழவிகளிடம் வந்து சேர்ந்தது.

உங்களுக்கும் நினைவிருக்கும். ஓர் அப்பத்தாவோ அம்மாச்சியோ, மடியில் சுருக்குப் பையும் ஒரு கையில் மஞ்சப் பையுமாக, மறு கையில் உங்களைப் பிடித்துக்கொண்டு நடந்திருப்பார். மஞ்சப் பைக்குள் ஐந்தாம் வகுப்பு முடித்ததற்கான ரெக்கார்டு ஷீட்டு நான்காக மடிந்து கிடந்திருக்கும். 1979 ஜூனில் நான் அப்படிப் போனவன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தோடு முடிந்துவிடும். ஆறாவதுக்கு வாய்க்கால் கரையோடு மூன்று மைல் நடந்து அடுத்த பெரிய ஊருக்குப் போக வேண்டும். ரோட்டுப் பக்கம் பாண்டியன் ரோடுவேஸ் பஸ் ஓடத்தான் செய்தது; ஆனால் ஜூன் மாதக் காற்றில் நடப்பதே உடம்புக்கு நல்லது என்று அப்பத்தா நம்பினாள், அவள் நம்பியதால் நானும் நம்பினேன். குமுளி மலைப் பக்கமிருந்து சாரலைத் தூக்கிக்கொண்டு வரும் காற்று சட்டையை முதுகோடு ஒட்ட வைக்கும். இரண்டு மாதம் வெடித்துக் கிடந்த வாய்க்காலில் புதுத் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு எங்கள் நடைக்குச் சமமாக வரும். அந்த மண் வாசனைக்காகவே இன்னொரு முறை ஆறாம் வகுப்பில் சேரலாம் என்று இந்த வயதில் தோன்றுகிறது. இப்போது அந்தக் கரையில் பைக்கில் போகிறவர்களுக்குத் தண்ணீரின் வேகம் காலோடு ஒத்துப்போவது தெரிய வழியில்லை.

அந்த மே மாதம் முழுக்க நான் பதினாறாம் வாய்ப்பாடு வரை மனப்பாடம் செய்திருந்தேன். பெரிய பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் கேள்வி கேட்பார், சொல்லாவிட்டால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று பெரியப்பா மகன் சொல்லியிருந்தான். மாமரத்தடியிலும், மாட்டைக் குளிப்பாட்டும்போதும், இரவு திண்ணையில் படுத்துக்கொண்டும் பதினாறாம் வாய்ப்பாடு ஓடியது. பதினாறு ஏழு நூற்றிப் பன்னிரண்டு என்று தூக்கத்தில் சொன்னதாக வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடத்தை அவ்வளவு பெரிதாக நினைத்து நடுங்க முடிந்த அந்தப் பையன் மேல் எனக்கு இப்போது பிரியம் அதிகம்.

விண்ணப்பத்தை எழுதியது அக்கா. அது முந்தின நாளே யாரோ ஒருவர் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டது. ஊரில் அப்படிப்பட்ட தாளை நிரப்பிக் கொடுக்க போஸ்ட்மேனையும் மணியகாரர் வீட்டுப் பையனையும் தேடுவார்கள். எங்கள் வீட்டில் தேட வேண்டியிருக்கவில்லை. அக்கா ஐந்தாவது வரை படித்து, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று வாத்தியாரே சொன்ன பிள்ளை. பொட்டப்பிள்ளையை மூன்று மைல் வாய்க்கால் கரையில் எப்படி அனுப்புவது என்று நாலு வருசத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம் பேசி முடித்துவிட்டார்கள். அதற்கு மேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. பக்கத்து வீட்டு மாமாவின் மை பேனாவை இரவல் வாங்கி, அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, மாணவர் பெயர், தகப்பனார் பெயர், தொழில், மதுரை மாவட்டம், உத்தமபாளையம் தாலுகா என்று அவள் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினாள். தேனி மாவட்டம் பிறக்க 1996 ஆக வேண்டியிருந்தது. தாயார் பெயர் எழுத அந்தத் தாளில் இடம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பிறந்த தேதி என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. ரெக்கார்டு ஷீட்டைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். நான் பிறந்தது ஒரு கார்த்திகை மாதத்தில், மாடு கன்று போட்ட மறுநாள். அதில் அப்பத்தாவுக்குச் சந்தேகமே கிடையாது. ஒன்றாவதில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொட வைத்துப் பார்த்த வாத்தியார், அன்றைக்கு ஐந்து வயது முடிகிற மாதிரி ஒரு தேதியைப் போட்டுக்கொடுத்திருந்தார். அப்படித்தான் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மே மாதத்தில் பிறந்தவர்கள் ஆனோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஆதார் அட்டையை எடுத்துப் பாருங்கள், அவர்களும் அநேகமாக மே, ஜூன்காரர்களாகவே இருப்பார்கள்.

பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் ஏழெட்டு ஊர்க் கிழவிகள் கூடியிருந்தார்கள். அதைச் சந்தை நாள் என்றே சொல்லலாம். யார் வீட்டில் யாருக்குப் பெண் இருக்கிறது, ஏலத்தோட்டத்தில் இந்த வருசம் என்ன கூலி, வீரபாண்டித் திருவிழாவில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் எல்லாம் பேசி முடிக்கும் வரை உள்ளே கூப்பிட மாட்டார்கள். முந்தின வருசம், 1978இல்தான், பிளஸ் டூ வந்திருந்தது. மேல்நிலைப் பள்ளி என்று புதிதாக எழுதிய போர்டில் பெயிண்ட் வாசனை போகவில்லை என்றுதான் எனக்கு ஞாபகம். கூப்பிட்டார்கள். நான் பதினாறாம் வாய்ப்பாட்டை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"அங்க அடையாளம் ரெண்டு சொல்லணும். மச்சம் எங்கன இருக்கு?" என்றார் கிளார்க்.

"வலது தோள்ல ஒண்ணுங்கய்யா. முழங்காலுக்கு மேல ஒண்ணு, அது மச்சமில்ல, பாறையில விழுந்த தழும்பு."

"தழும்பும் சரிதான். தமிழ் மீடியம்தான?"

அதற்கு அப்பத்தா என்னைப் பார்த்தாள், நான் தலையாட்டினேன். ஹெட்மாஸ்டர் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்து, "யாரும்மா எழுதுனது, கையெழுத்து நல்லா இருக்கே" என்றார். "இவென் அக்கா, ஐயா" என்றாள் அப்பத்தா. அவர் ஒரு விநாடி நிமிர்ந்து பார்த்தார். பிறகு சேர்க்கைப் பதிவேட்டில் எண் போட்டு, "ரேகை வையிங்க" என்று மைப் பெட்டியைத் தள்ளினார். அப்பத்தா கட்டை விரலை அழுத்தி வைத்துவிட்டு, மிச்ச மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை, ஒரு கணக்கு இல்லை. ஒரு மாதம் சுமந்த வாய்ப்பாட்டை யாரிடமும் சொல்லாமல் திரும்பி நடந்தேன்.

அந்தக் கேள்வி கேட்காத மேசை எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய எனக்கு வெகு காலம் ஆனது. இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு பதினோரு வயதில் பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வைத்து, தேறியவர்களை இலக்கணப் பள்ளி என்ற உயர்ந்த பள்ளிக்கும் மற்றவர்களை வேறு பள்ளிக்கும் பிரித்து அனுப்பினார்கள் என்றும், 1965க்குப் பிறகு பல ஊர்கள் அதைக் கைவிட்டு எல்லாரும் சேரும் பொதுப் பள்ளிக்கு மாறின என்றும், சில பகுதிகளில் அந்தத் தேர்வு இன்னமும் நடக்கிறது என்றும் பிற்பாடு படித்தபோது, எனக்கு எங்கள் வேப்பமரமும் அந்தக் கிழவிகளும்தான் கண்ணுக்கு வந்தார்கள். அதே வயதில் எங்களிடம் கேட்டது மச்சம் எங்கே என்று மட்டும்தான். மச்சம் இல்லாத பிள்ளை உண்டா?

அப்பத்தா வைத்த அந்த ரேகைக்கும் எங்கள் பக்கத்தில் ஒரு வரலாறு உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கே ரேகைச் சட்டம் என்பார்கள். பிறந்த சாதிக்காகவே பிறமலைக் கள்ளர் ஆண்களின் கைரேகையைப் போலீஸ் பதிந்து வைத்த காலம் அது. ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3இல் போலீஸ் சுட்டதில் பலர் மடிந்தார்கள், மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். அதன் பிறகு அந்தச் சமூகத்துப் பிள்ளைகளுக்கென்று சர்க்கார் திறந்த பள்ளிகள்தாம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் அந்தப் பெயரோடு நடக்கின்றன, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் போனது. தாத்தன் போலீஸ் ஸ்டேஷனில் வைத்த ரேகையைப் பாட்டி பள்ளிக்கூடப் பதிவேட்டில் வைக்க வந்த குடும்பங்கள் அன்று அந்த மரத்தடியிலும் இருந்தன. எல்லாருக்கும் ஒரே மைப் பெட்டிதான்.

சேர்ந்த பிறகு வருகிற சுகங்கள் தனி. திரும்பும் வழியில் ஆரஞ்சு மிட்டாய். பிறகு புத்தகம் தேடும் படலம்: ஆறாவது முடித்த எவன் வீட்டில் புத்தகம் கிழியாமல் இருக்கிறது என்று விசாரித்து, பாதி விலைக்குப் பேசி, அதிலும் சமூக அறிவியலுக்கு அட்டை இல்லை என்று கால் ரூபாய் குறைத்து வாங்கி வருவோம். முதல் பக்கத்தில் மூன்று பேர் பெயர் அடித்திருக்கும், நம் பெயர் நாலாவது. எந்தக் கேள்வி பரீட்சைக்கு வரும் என்று முன்னோர்கள் கோடு போட்டு வைத்திருப்பார்கள். கணக்கில் விடை பென்சிலில் இருக்கும். காக்கி டவுசரையும் வெள்ளைச் சட்டையையும், வளர்ற பிள்ளை என்று சொல்லிச் சொல்லி டெய்லர் இரண்டு வருசத்துக்குத் தைத்துக் கொடுப்பார். மத்தியானத்துக்குத் தூக்குச்சட்டியில் கம்மங்கஞ்சியும் ஊறுகாயும். 1982 ஜூலையில் சின்னப் பள்ளிகளில் தொடங்கிய சத்துணவு, 1984இல்தான் பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் வந்தது; தூக்குச்சட்டி இல்லாமல் வந்து, மத்தியானம் குழாயடியில் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எங்களோடு விளையாடிய சிநேகிதர்களுக்கு அது சற்றுத் தாமதம்.

போன மார்ச் மாதம், தண்ணீர் திறக்க இன்னும் மூன்று மாதம் கிடக்கும்போதே, ஆறாம் வகுப்பு எங்கள் வாசலுக்கு வந்தது. டீச்சர் இரண்டு பேரும் ஹெட்மாஸ்டரும் கையில் துண்டுப் பிரசுரத்தோடு தெருத் தெருவாக நடந்து வந்தார்கள். "அம்மா, உங்க பேத்தி அஞ்சாவது முடிக்கிறால்ல, நம்ம பள்ளிக்கூடத்துல சேத்திருங்க" என்று அக்காவிடம் கேட்டார்கள். அக்காவின் மகளும் மருமகனும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். பிள்ளை அம்மாச்சியிடம் வளர்கிறாள். எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டோம் என்று அவளுக்குச் சொன்னார்களோ அதே பள்ளிக்கூடம் வாசலில் நின்று கேட்பதை அக்கா கேட்டுக்கொண்டே, எல்லாருக்கும் மோர் கொண்டுவரப் போனாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது, ஆனால் அவள் திரும்பி வர நேரமாயிற்று.

அவர்கள் ஏன் நடக்கிறார்கள் என்பது காலையில் ஏழரை மணிக்கு ஊர் முக்கில் நின்றால் தெரியும். மஞ்சள் வேன்கள் சின்னமனூர்ப் பக்கம் நாலு, கம்பம் பக்கம் நாலு என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகின்றன. ஒரே தெருப் பிள்ளைகள் நாலு பள்ளிக்கூடத்துக்குப் பிரிந்து போகிறார்கள், சாயங்காலம் பேசிக்கொள்ள அவர்களுக்குப் பொதுவாக ஒரு வாத்தியார்கூட இல்லை. அரசுப் பள்ளிகளிலும் 2012இலிருந்து ஆங்கில வழிப் பிரிவுகள் பரவின. புத்தகம், பை, சீருடை, செருப்பு, சைக்கிள் என்று எல்லாம் இலவசமாக வருகிறது. எங்கள் காலத்துப் பெரியவர்கள் கண்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஆனாலும் காசு கட்டிப் படித்தால்தான் படிப்பு என்ற எண்ணம் உழவு மாட்டை விற்றவர் வீட்டிலும் புகுந்துவிட்டது. ஊரே சேர்ந்து வெயிலில் காத்திருந்த இடத்தில் ஊரில் பாதி இப்போது வருவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை, கூரை ஒழுகினால் கேட்பதற்கு ஊருக்குள் பத்துக் குரல் இருந்தது.

ஏப்ரலில் அக்காவும் பேத்தியும் நானும் போனோம். கையில் மஞ்சப் பை கிடையாது, பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஆதார் நகல், சாதிச் சான்று, பேங்க் பாஸ்புக்கு, ரேஷன் கார்டு, போட்டோ. இ-சேவை மையத்தில் ஒரு நாள் போயிருந்தது, பிள்ளையின் இனிஷியல் ஆதாரில் ஒரு மாதிரியும் பிறப்புச் சான்றில் வேறு மாதிரியும் இருந்ததால். ஏலக்காயும் திராட்சையும் பறித்துப் பறித்துத் தேய்ந்த அக்காவின் விரலை மெஷின் ஏற்கவில்லை. ரேஷன் கடையிலும் அதே கதைதான். கையெழுத்துப் போடத் தெரிந்தவளிடம் ரேகை கேட்கிறார்கள் என்பதில் அவளுக்கு மாறாத கோபம் உண்டு, நான் அவள் பக்கம். இத்தனை காகிதமும் கல்வி உரிமைச் சட்டத்தின் கட்டாயமில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: வயதுச் சான்று இல்லை என்றோ, டி.சி. வரத் தாமதம் என்றோ எட்டாம் வகுப்பு வரை ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது, தேர்வு வைத்துச் சலித்தெடுக்கவும் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் சொல்கிறது. எங்கள் அப்பத்தா காலத்தில் வழக்கமாக இருந்தது இப்போது சட்டமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தனியார் பள்ளி கட்டணப் பாக்கிக்காக டி.சி. தராமல் இழுத்தபோது, அந்தப் பிள்ளையை இந்த ஹெட்மாஸ்டர் காகிதம் எதுவும் கேட்காமல் முதல் நாளே வகுப்பில் உட்கார வைத்தார்.

வரிசையில் நின்ற தகப்பன்மார் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அதே வருசம் பெரியகுளம் பக்கத்துச் சில்வார்பட்டி அரசுப் பள்ளியில் படித்த பையன் நீட் தேர்வில் 664 மார்க் வாங்கிய செய்தி எங்கள் பள்ளத்தாக்கில் டீக்கடை டீக்கடையாகப் போனது. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டுதான். எங்களைச் சேர்த்தவர்கள் அடுத்த வாரத்து நடவைத்தான் யோசித்தார்கள். இவர்கள் ஏழு வருசம் தள்ளி யோசிக்கிறார்கள். இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது, அதுவும் ஒரு பெண்பிள்ளைக்காகத் தகப்பன் போடும்போது.

டீச்சர் எல்லாவற்றையும் எமிஸ் என்ற கணக்கில் கம்ப்யூட்டரில் ஏற்றினார். தாயார் பெயர், தாயார் செல் நம்பர், ரத்த வகை. பிறகு ஒரு தாள் விண்ணப்பமும் வேண்டும் என்று எடுத்து, "நானே எழுதிடுறேன்மா" என்றார். அக்கா கையை நீட்டினாள். "குடுங்க டீச்சர், நான் எழுதுறேன்." கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மேசை ஓரத்தில் தாளை நேராக வைத்து, தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டம் என்று எழுதினாள். கொஞ்சம் நடுங்கினாலும் எழுத்து எழுத்தாகத்தான் இருந்தது. பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டாள். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தவில்லை.

"சரி, வேற ஏதாச்சும் கேக்கணுமா?" என்று ஹெட்மாஸ்டர் பேத்தியைப் பார்த்துக் கேட்டார்.

"சார், இங்க காலையில சாப்பாடு உண்டா?"

"காலைச் சாப்பாடு அஞ்சாவது வரைக்குந்தான்மா. மத்தியானம் முட்டையோட உண்டு."

பேத்தியின் முகம் விழுந்துவிட்டது. 2023இலிருந்து எங்கள் ஊர்ப் பள்ளியில் காலையில் சாப்பிட்டுப் பழகியவள்.

"நான் பொங்கித் தாரேன் தாயி, வெள்ளனே எந்திரிச்சு" என்றாள் அக்கா.

"நீ பொங்குவ அம்மாச்சி. அங்க நாங்க எல்லாரும் வட்டமா உக்காந்து சாப்பிடுவோம், புதன்கிழமை பொங்கல்" என்றவள் ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பி, "ஆறாவதுக்கும் போடச் சொல்லி நீங்க எழுதிக் கேளுங்க சார்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து எழுதினால் தானும் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு வெள்ளைத் தாள் கேட்டாள்.